கண்ணுக்கு எட்டாத சிவப்பு

சித்திரை வெயிலில் மதுரை மாசி வீதிகளில் நடந்தவர்களுக்குத் தெரியும்: கண்ணை மூடிக்கொண்டாலும் கன்னத்தில் சூடு உறைக்கும். நம்மை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களே. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து இதைக் கண்டறிந்தார். அந்தக் காணாச் சிவப்பின் விளிம்பைத் தொட்ட கருவியொன்று அன்றைய மதுரை மாவட்டத்திலேயே இருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

அதன் பூர்வகதை பசியில் தொடங்குகிறது. தாது வருடப் பஞ்சம் (1876–78) இச்சமவெளியைச் சூறையாடிய பின், சூரியனை ஆராய்ந்தால் பருவமழையின் போக்குத் தெரியுமோ என்ற எண்ணம் அரசுக்கு எழுந்தது. 1899-இல் கொடைக்கானல் வானாய்வகம் அமைந்தது. 1909-இல் அங்கே எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்குப் பின் இயக்குநரான தாமஸ் ராய்ட்ஸை நாம் மறந்துவிட்டோம். நியாயமில்லை.

ராய்ட்ஸ், ரூதர்ஃபோர்டின் மாணவர். ஆல்ஃபா துகள் ஹீலியமே என்று மான்செஸ்டரில் இருவரும் நிறுவினர். குழாயில் சேர்ந்த வாயுவினூடே மின்சாரம் பாய்ச்சியபோது, ஹீலியத்தின் மஞ்சள் கோடு நிறமாலையில் ஒளிர்ந்தது. அப்படி மின்னேற்றமடைந்து ஒளிரும் வாயுவுக்குப் பிளாஸ்மா என்று லாங்மியூர் பெயரிட்டது 1928-இல்தான். சூரியனோ முழுக்க முழுக்க அதுவே.

கருவி எளிய தத்துவத்தில் இயங்குவது. மெல்லிய பிளவின் வழியே நுழையும் ஒளியை, நெருக்கமாகக் கோடுகள் கீறிய தகடு பிரிக்கிறது. புகைப்படத் தகடு பதிவு செய்கிறது. சூரிய விளிம்பை ஒட்டிய நிறமண்டலத்தின் ஒளிர்கோடுகள் வட்டின் பெருவெளிச்சத்தில் மூழ்கிவிடுவதால், கிரகணம் வரை காத்திருப்பதே முன்பு வழக்கம். 7,770 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தை அடுத்து, கண் ஏறக்குறைய கைவிடும் இடத்தில், ஆக்சிஜனின் மூன்று கோடுகள் உள்ளன. சாதாரணப் புகைப்படத் தகடு அங்கே குருடு. சாயமேற்றிய தகடு வேண்டும். ராய்ட்ஸ் அம்மூன்றையும் கிரகணமின்றியே ஒளிர்கோடுகளாகப் பதிவு செய்தார்.

மழையை முன்னறியும் வழி மட்டும் சூரியப் புள்ளிகளிலிருந்து கிட்டவில்லை. பஞ்சத்தில் மாண்டவர்களின் பொருட்டு எழுந்த கட்டடம், அவர்கள் கேட்காத கேள்விகளுக்கு விடை தந்தது. நூறாண்டுக்கும் மேலான தகடுகள் இப்போது எண்ணிமப் படிமங்களாகியுள்ளன. அதே குன்றின் சுரங்கத் தொலைநோக்கியில், கால்சியத்தின் அகச்சிவப்புக் கோடுகளைக் கொண்டு சூரியப் பிளாஸ்மாவின் காந்தப்புலத்தை அளந்திருக்கிறார்கள்.