விண்டோஸ் ஹோஸ்டிங் பேனல்: வரலாறும் தேர்வும்

ஒரே விண்டோஸ் சர்வரில் பல வாடிக்கையாளர்களின் இணையத்தளங்கள் இயங்கும்போது, ஒவ்வொருவரும் தம் தளத்தைப் பிரவுசர் வழியாகத் தாமே நிர்வகிக்க உதவும் மென்பொருள் ஹோஸ்டிங் பேனல் எனப்படும். டொமைன் சேர்ப்பது, மின்னஞ்சல் பெட்டி திறப்பது, தரவுத்தளம் உருவாக்குவது, பாஸ்வேர்டு மாற்றுவது ஆகியவை வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். உள்ளே பேனல் செய்வது இன்னும் அதிகம். மைக்ரோசாப்டின் வெப் சர்வரான ஐ.ஐ.எஸ்.ஸில் தளத்தைப் பதிகிறது, அதற்கென ஒரு விண்டோஸ் பயனர் கணக்கைத் திறந்து, கோப்புறை அனுமதிகளை அந்தக் கணக்கோடு கட்டுகிறது, எஸ்.க்யூ.எல். சர்வர், டி.என்.எஸ்., மெயில் சர்வர் மூன்றிலும் அதே வாடிக்கையாளரை மறுபடி மறுபடி பதிகிறது. பேனல் தேடுவோர் பெரும்பாலும் வசதிப் பட்டியலையும் மாதக் கட்டணத்தையும்தான் ஒப்பிடுகிறார்கள். ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைத் தொடர்ந்து படித்தால், அவ்விரண்டையும் விட முக்கியமான கேள்வி ஒன்று தெளிவாகிறது: பேனலை அகற்றும் நாளில் சர்வரில் எது மிஞ்சும், அதை யார் படிக்க முடியும்?

ஐ.ஐ.எஸ். முதலில் விண்டோஸ் என்.டி. 3.51க்காக வெளிவந்தது. 1996 இறுதியில் மைக்ரோசாப்டின் இணைய நிரல் தொழில்நுட்பமான ஏ.எஸ்.பி. வந்த பிறகு, ஆக்சஸ் தரவுத்தளத்தை வைத்துக்கொண்டே ஒரு சிறு நிறுவனம் விலைப்பட்டியலையும் முன்பதிவையும் இணையத்தில் ஏற்ற முடிந்தது. யூனிக்ஸ் பக்கத்தில் அதே ஆண்டு சிபேனல் என்ற ஹோஸ்டிங் பேனல் பிறந்திருந்தது. அங்கே புழங்கிய வெப் சர்வரான அப்பாச்சியின் அமைப்புகள் எல்லாம் சாதாரண உரைக் கோப்புகள் என்பதால், அவற்றை எழுதிக்கொடுக்கும் ஒரு பேனலைச் செய்வது எளிதாக இருந்தது. விண்டோஸில் அப்படியில்லை. ஐ.ஐ.எஸ். 4, 5 பதிப்புகள் தம் அமைப்புகளை ‘மெட்டாபேஸ்’ என்ற இருமக் கோப்பில் வைத்தன. மற்றவை ரெஜிஸ்ட்ரியில் கிடந்தன. எதைத் தொட வேண்டுமானாலும் மைக்ரோசாப்டின் நிரலிடைமுகத்தைக் கூப்பிட வேண்டும். அதனால் அக்காலப் பேனல்கள் ஒவ்வொன்றும், யாருக்கு என்ன உரியது என்ற கணக்கைத் தம் சொந்தத் தரவுத்தளத்தில் தனியாக வைத்துக்கொண்டன. அந்தத் தரவுத்தளம் பழுதானால் தளங்கள் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எது யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது. ஹோஸ்டிங் கன்ட்ரோலர், ஹெல்ம், என்சிம், எச்-ஸ்பியர், பிளெஸ்க் ஆகியவை இந்தத் துறையில் போட்டியிட்டன. 2001 ஜூலையில் ‘கோட் ரெட்’, செப்டம்பரில் ‘நிம்டா’ என்று இரண்டு வார்ம்கள் ஐ.ஐ.எஸ். சர்வர்களைத் தாக்கியதும், யாரும் கேட்காமலே நிறுவப்பட்டிருந்த கூறுகளே வாசலாக இருந்தன என்பது வெளிப்பட்டது. இவ்வளவு வசதி உண்டு என்று ஒரு பேனல் காட்டும் பட்டியலை ஐயத்தோடு படிக்க வேண்டும் என்பதற்கு அதுவே முதல் காரணம்.

அதே 2001இல்தான் மலேசியாவின் பினாங்கில் சான் கீ சியாக் எக்ஸாபைட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த ஹோஸ்டிங் நிறுவனம் பின்னாளில் சிங்கப்பூருக்கும் இந்தோனேசியாவுக்கும் விரிந்தது. பினாங்கின் கடைவீட்டு வரிசைகளில் இருக்கும் கிளினிக், அச்சகம், டியூஷன் மையம், கணக்கர் அலுவலகம் ஆகியவைதாம் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவை. அவற்றில் சர்வர் பார்க்கும் ஆள் கிடையாது. மலேசியாவில் பரவலாகப் புழங்கும் ஆட்டோகவுண்ட் கணக்கியல் மென்பொருள் மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் இயங்குவதால், அதனோடு பேச வேண்டிய அகப்பக்கம் விண்டோஸிலேயே இருக்கட்டும் என்று நினைப்பது இயல்பு. பேனல் உரிமங்களோ டாலரில் விற்கப்படுபவை. 1998 செப்டம்பரிலிருந்து 2005 ஜூலை வரை ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என்று கட்டி வைக்கப்பட்டிருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 4.80ஐ நெருங்கியபோது, விலைப்பட்டியலில் ஒரு எண் கூட மாறாமலே உரிமச் செலவு நாலில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருந்தது.

தொழில்நுட்பத்தில் உண்மையான திருப்பம் பேனல் நிறுவனங்களிடமிருந்து வரவில்லை. விண்டோஸ் சர்வர் 2003இன் ஐ.ஐ.எஸ். 6, ஒவ்வொரு தளத்தையும் தனி ‘அப்ளிகேஷன் பூல்’ ஒன்றில் ஓட்ட வழி செய்தது. ஒருவரின் தளம் விழுந்தால் அடுத்தவருடையதும் விழும் நிலை குறைந்தது. மெட்டாபேஸும் எக்ஸ்.எம்.எல். ஆனது. 2008இல் ஐ.ஐ.எஸ். 7 இன்னும் ஒரு படி போனது. சர்வர் அளவிலான அமைப்புகள் ‘அப்ளிகேஷன்ஹோஸ்ட்.கான்ஃபிக்’ என்ற உரைக் கோப்பிலும், தளத்துக்கே உரிய அமைப்புகள் அந்தத் தளத்தின் கோப்புறைக்குள் ‘வெப்.கான்ஃபிக்’ கோப்பிலும் வந்து சேர்ந்தன. கோப்புறையை எடுத்துப் போனால் அமைப்புகளில் பெரும்பகுதியும் கூடவே போகும். பேனல் இல்லாமலே ஒரு தளத்தை முழுமையாக இடம்பெயர்க்க ‘வெப் டிப்ளாய்’ கருவியும் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு பேனலை எடைபோட நம்மிடம் நேரடியான அளவுகோல் இருக்கிறது: ஐ.ஐ.எஸ்.ஸே எழுதக்கூடிய இடத்தில் எவ்வளவு எழுதுகிறது, தனக்கு மட்டும் புரியும் இடத்தில் எவ்வளவு வைத்துக்கொள்கிறது?

இந்த அளவுகோல் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு, மறைந்துபோன பேனல்களே சான்று. பிளெஸ்கை 2003இல் எஸ்.டபிள்யூ.சாஃப்ட் என்ற நிறுவனம் வாங்கியது, 2008இல் பாரலல்ஸ் என்று பெயர் மாறிய அதே குழுமத்துக்குள் ஹெல்ம், என்சிம், எச்-ஸ்பியர் மூன்றும் போய்ச் சேர்ந்து, ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. லினக்ஸில் கோலோச்சிய சிபேனல், விண்டோஸுக்காக ‘என்காம்பஸ்’ என்றொரு பேனலைக் கொண்டுவந்து 2014இல் கைவிட்டது. சிபேனல் தெரியும், ஆகவே என்காம்பஸும் தெரியும் என்று நம்பி ஏறியவர்கள் வெறுங்கையோடு இறங்கினார்கள். எஞ்சிய பிளெஸ்கை 2017இல் ஓக்லி கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டே சிபேனலும் அதன் கைக்கு வந்தது. 2019 ஜூனில் சிபேனல், சர்வருக்கு ஒரு விலை என்ற பழைய முறையை விட்டு, கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை என்ற முறைக்கு மாறியது. நூற்றுக்கணக்கான சிறு தளங்களை ஒரே சர்வரில் வைத்திருந்த ஹோஸ்டிங்காரர்களுக்கு அது பேரிடி. அது லினக்ஸ் கதைதானே என்று விண்டோஸ் வாடிக்கையாளர் ஒதுக்கிவிட முடியாது. இரண்டு பேனல்களுக்கும் உரிமையாளர் ஒருவரே ஆன பிறகு, போட்டியால் விலை அடங்கும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் மிக மெலிந்துவிட்டது.

அப்படியானால் தேர்வு என்ற பேச்சே எதற்கு, பிளெஸ்கை விட்டால் வேறென்ன இருக்கிறது என்பது நியாயமான மறுப்பு. இருக்கிறது. டாட்நெட்பேனல் என்ற வணிகப் பேனல் திறமூலமாகி ‘வெப்சைட்பேனல்’ ஆனது. அதிலிருந்து கிளைத்த ‘சாலிட்சிபி’ ஐ.ஐ.எஸ்., எஸ்.க்யூ.எல். சர்வர் மட்டுமன்றி எக்ஸ்சேஞ்ச், ஹைப்பர்-வி ஆகியவற்றையும் நிர்வகிக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதைப் பராமரிப்பது சிறு குழு. பாதுகாப்புத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டிவரலாம், சிக்கல் வந்தால் கைகொடுக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதும் அரிது. நிர்வாகி இல்லாத கடைவீட்டு அலுவலகத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பல சர்வர்களை நடத்தும், டாட்நெட் எழுதத் தெரிந்த ஒரு நிறுவனத்துக்கு அது நல்ல தேர்வு. மூல நிரல் கையில் இருப்பதால் வெளியேறும் வழி அவர்கள் கையிலேயே இருக்கிறது.

பேனலே வேண்டாம், ஐ.ஐ.எஸ். மேனேஜரும் பவர்ஷெல்லும் போதும் என்போர் உண்டு. ஒரு நிறுவனம், ஒரு சர்வர், அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் பலர் பங்கிடும் சர்வரில் கோப்புறை அனுமதியைக் கையால் கட்டுவது ஆபத்து. ஒரு தவறு போதும், அடுத்தவரின் தரவுத்தள பாஸ்வேர்டு வெளியே தெரிய. மின்னஞ்சல் இன்னொரு சிக்கல். சர்வர் 2003இல் இருந்த பாப்3 சேவையை மைக்ரோசாப்ட் 2008இல் எடுத்துவிட்டது. எனவே மெயில்எனேபிள், ஸ்மார்ட்டர்மெயில் போன்ற வெளி மென்பொருள் தேவை. அதைத் தளங்களோடு இணைத்து வைப்பது பேனல்தான். வாடிக்கையாளர் ஆழமாக மாட்டிக்கொள்வதும் அங்கேதான். முடிந்தால் மின்னஞ்சலை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்து வைப்பது நல்லது. பிறகு பேனல் மாற்றுவது பாதி எளிதாகிவிடும்.

லினக்ஸுக்கே போய்விடலாமே என்பது கடைசி மறுப்பு. 2016 ஜூனில் லினக்ஸிலும் ஓடும் டாட்நெட் கோர் வந்ததிலிருந்து புதிதாக எழுதும் நிரலுக்கு அது தாராளமாகப் பொருந்தும். புதிதாகத் தொடங்குவோர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் பழைய டாட்நெட் தளங்கள் பல எழுதப்பட்ட வெப் ஃபார்ம்ஸ் அந்தப் பக்கம் கொண்டுபோகப்படவில்லை, பழைய ஏ.எஸ்.பி.யும் ஆக்சஸ் கோப்புகளும் விண்டோஸை விட்டு நகராதவை. இருபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் முன்பதிவுப் பக்கத்தைத் திருப்பி எழுத ஆகும் செலவு, பேனல் கட்டணத்தை விடப் பல மடங்கு.

தமிழ்த் தளங்களுக்கு வெளியேறும் கேள்வி இன்னும் கூர்மையானது. பொதுவான ஒப்பீடுகள் இதைத் தொடுவதே இல்லை. மலேசியாவில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்றோர் உழைத்த காலத்தில், 2001இன் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, திஸ்கி, தாப் போன்ற 8-பிட் குறியாக்கங்களே புழக்கத்தில் இருந்தன. விண்டோஸ் 2000 தமிழுக்கு யூனிகோட் கொடுத்தது. ஆனால் ‘ஏ.என்.எஸ்.ஐ.’ எனப்படும் வழக்கமான விண்டோஸ் கோட்பேஜ்களில் தமிழுக்கென ஒன்று கிடையாது. எனவே எஸ்.க்யூ.எல். சர்வரில் ‘என்வார்ச்சர்’ பத்தியில் இடாமல் ‘வார்ச்சர்’ பத்தியில் இட்ட யூனிகோட் தமிழ், வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ‘வார்ச்சர்’ பத்தியிலும் யு.டி.எஃப்-8 வைக்க வழி வந்தது 2019 பதிப்பில்தான். பழைய திஸ்கி உரையோ லத்தீன் எழுத்துகள் போல வேடமிட்டு அதே பத்தியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், வேறு கோட்பேஜுக்குப் பெயர்க்கும் வரை. ஆகவே ஒரு பேனல் தரும் தரவுத்தள நகல் எஸ்.க்யூ.எல். சர்வரின் சொந்தக் காப்புக் கோப்பாக இருக்கிறதா, அல்லது இடையில் உரையாக மாற்றி எழுதப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நகலை வேறொரு சர்வரில் மீட்டெடுத்து, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே சந்தா கட்டலாம். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

விண்டோஸ் சர்வர் 2016க்கான நீட்டித்த ஆதரவு 2027 ஜனவரி 12ஆம் தேதி முடிகிறது. அதில் ஓடும் தளங்கள் எல்லாம் அதற்குள் வேறு சர்வருக்கு மாற வேண்டும். பேனலை மாற்ற நினைப்பவர்களுக்கு அதைவிடச் செலவு குறைந்த தருணம் கிடைக்காது, ஏனெனில் இடப்பெயர்ப்பு வேலையை எப்படியும் செய்தாக வேண்டும்.