தராசு சொன்ன தீர்ப்பு

பிள்ளை இளைத்தால் கண்ணேறு என்றனர், மந்திரித்தனர், கயிறு கட்டினர். தலைவிதி என்று தேம்பினாள் தாய். விதியா அது? அன்று, வயிற்றின் வறுமை! அதனை வீட்டுக்கு வீடு விளக்கிற்று ஒரு தராசு.

பிட்டி தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கிற்று. காமராசர் ஆட்சி, 1956இல் மதிய உணவை ஊர்ப்பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கிற்று. நன்று, மிக நன்று! ஆனால், பள்ளி வாயிலை எட்டுமுன்பே வாடும் தளிருக்கு வழி என்ன?

1980இல் விடை பிறந்தது. உலக வங்கிக் கடனுதவியுடன், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிற்று. 6 முதல் 36 திங்கள் வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் எடை பார்த்தனர். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் சத்துருண்டை. தேறிய பின் அது வேண்டியதில்லை. வாடிய கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் ஊட்டம் உண்டு. ஊர்ப்பெண்ணே பணியாளர், எடைக்கோட்டைத் தாயிடம் காட்டி விளக்கியவரும் அவரே. கோடு தாழ்ந்தால் தாய் இனி நொந்துகொள்வது விதியையா? காரணத்தைக் கேட்டாள், உணவைக் கேட்டாள்!

கொடிய ஊட்டக்குறை தணிந்தது. திட்டம் 1997இல் முடிந்தது, பாடம் முடியவில்லை. கயிறு காக்காத உயிரைக் கணக்கு காத்தது. குழந்தைக்குச் சோறிடுவது ஈகையன்று, அரசின் கடன். அதைக் கேட்டுப் பெறுவது இரத்தலன்று, தாயின் உரிமை!