சில காலம் மட்டும்



ஒரு குருவானவர் தாம் முன்பு பணியாற்றிய இடத்திற்கே தற்காலிகப் பொறுப்பாளராகத் திரும்பிச் செல்வது எளிதான காரியமன்று. சில ஆண்டுகளுக்கு முன், நான் உதவிக் குருவாயிருந்த ஒரு பங்கைச் சில மாதங்கள் கவனிக்க நேர்ந்தது. "சாமி, உங்கள் காலத்தில் இப்படியா இருந்தது?" என்று அன்போடு கேட்டவர்கள் உண்டு. "இவர் எத்தனை நாளைக்கு?" என்று ஒதுங்கி நின்றவர்களும் உண்டு. இரண்டுமே சோதனைதான். அந்நாட்களில் அண்மைக்காலத் திருச்சபை வரலாற்றின் ஓர் ஏடு எனக்குத் துணை நின்றது. அதையே இங்கு எழுதுகிறேன்.

1965 மே 22-ம் நாள் இயேசு சபையின் தலைவராக அருப்பே அடிகள் தெரிந்துகொள்ளப்பட்டார். 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, நகரை அடுத்த நவசந்நியாச மடத்தில் காயமுற்றோருக்கு மருந்திட்டுக் காத்தவர் அவரே. அவருக்கு ஆலோசனைத் துணைவராக அமைந்த நால்வருள் ஒருவர், இத்தாலியரான பவுலோ தெசா அடிகள். கிரகோரியன் பல்கலைக் கழகத்தின் முன்னாள் அதிபர்; பாப்பரசர் ஆறாம் சின்னப்பரின் ஆன்ம குரு. பத்தாண்டுகள் உரோமைத் தலைமையகத்தில் உழைத்தபின், 1975-ல் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

1981 ஆகஸ்டு 7-ம் நாள், கீழ்த்திசைப் பயணத்திலிருந்து உரோமை விமான நிலையம் வந்திறங்கிய அருப்பே அடிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. வலப்புறம் செயலிழந்தது; பேச்சும் தடைப்பட்டது. சபை ஒழுங்கின்படி ஓகீஃப் அடிகள் அவருக்குப் பதிலாகப் பொறுப்பேற்றார். ஆனால் அக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், வழக்கமான முறையை நிறுத்திவைத்து, தெசா அடிகளைத் தம் தனிப் பிரதிநிதியாக நியமித்தார். ஜப்பானில் பணியாற்றிய பிட்டோ அடிகள் அவருக்குத் துணையானார். சபையின் வரலாற்றில் இதற்கு முன்னுதாரணமில்லை. பாப்பரசரின் கடிதம் வந்தபோது அருப்பே அடிகள் கண்ணீர் வடித்தார்.

இவ்வாறாக, எண்பது வயதை நெருங்கிய ஒருவர் தம் பழைய அலுவலகத்திற்கே திரும்பி வந்தார். நோயுற்ற தலைவரோ அதே கட்டிடத்தில் மருத்துவ அறையில் படுத்திருந்தார். உலகெங்கும் ஏறத்தாழ 26,000 சபையினர் கலங்கிய மனதோடு காத்திருந்தனர். ஜெர்மனியில் இறையியல் வல்லுநர் கார்ல் ரானர் முதலானோர் பாப்பரசருக்கே கடிதம் எழுதித் தம் மனக்குறையைத் தெரிவித்தனர். சபை இரண்டாகப் பிளந்துவிடுமோ என்று பலர் அஞ்சினர்.

அப்படி நேரவில்லை. 1982 பிப்ரவரியில் தெசா அடிகள் மாநிலத் தலைவர்களை உரோமைக்கு அருகில் ஒன்றுகூட்டினார். பாப்பரசர் அவர்களைச் சந்தித்து, அவர்களின் கீழ்ப்படிதலைப் பாராட்டினார். பின்னர் பொதுச் சங்கத்திற்கு அழைப்பு விடுக்கப்பட்டது. 1983 செப்டம்பர் 2-ம் நாள் அது தொடங்கிற்று. மறுநாள் அருப்பே அடிகளின் பதவி விலகல் ஏற்கப்பட்டது. பேச இயலாத அவருடைய செய்தியை வேறொருவர் வாசித்தார். 13-ம் நாள், முதல் வாக்கெடுப்பிலேயே கோல்வென்பாக் அடிகள் புதிய தலைவரானார். தெசா அடிகளின் பொறுப்பு அன்றோடு முடிந்தது. இரண்டாண்டும் நிறையவில்லை.

தெசா அடிகள் தம்மை நிலைநிறுத்திக்கொள்ள வந்தவர் அல்லர். சபை மீண்டும் தன் தலைவரைத் தானே தெரிந்துகொள்ளும் நாளுக்கு அதை அழைத்துச் செல்வதே அவர் பணி. தம்மை வேண்டாதபடி செய்துகொள்வதே அவருடைய வெற்றி எனலாம். 1991-ல் கர்தினாலாக உயர்த்தப்பெற்ற அவர், 1999 டிசம்பரில் தம் 98-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நான் பொறுப்பாயிருந்த பங்கில், பழைய நாட்களில் இருந்தபடி பீடத்தையும் பாடகர் குழுவையும் மாற்றியமைக்க என் கை துறுதுறுத்தது உண்மை. மாற்றவில்லை. கணக்கேடுகளை நேர்செய்தேன், நோயாளிகளைச் சந்தித்தேன், பேசாதிருந்த இரு குடும்பங்களைப் பேச வைத்தேன். புதியவர் வந்ததும் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

இவ்விழா மலரில் பங்குத்தந்தையரின் பட்டியலைக் காண்பீர்கள். நீண்ட காலம் இருந்து கோவில் கட்டியவர்களை நாம் மறவோம். ஆனால் இடையில் சில மாதங்களே இருந்தவர்களின் பெயர்களை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். விளக்கு அணையாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்ச் சேர்ந்தது அவர்களாலேதான். அவர்களுக்காகவும் இந்த ஜூபிலி ஆண்டில் ஒரு மன்றாட்டுச் சொல்வோமாக.