யூதா, யூதாஸ், யூதர்: ஒரு பேர் நடந்து வந்த பாதை

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் திருத்தியிருக்கிறோம்.)



எங்க ஊர் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம். கரிசக்காட்டுப் பள்ளிக்கூடம். அங்க எவனாவது வாத்தியார்கிட்ட போட்டுக்கொடுத்துட்டான்னா, அன்னையில இருந்து அவன் பேரு "யூதாஸ்". நானும் ஒருத்தனை அப்படிக் கூப்பிட்டிருக்கேன். அவன் ஒரு வாரம் யார்கூடவும் பேசலை.

யூதாஸ்னா துரோகி, யூதாஸோட ஆளுங்கதான் யூதர், அதனால யூதர்னாலே ஒரு மாதிரி. எங்க மண்டையில ஓடின கணக்கு இதுதான். எங்க யாருமே ஒரு யூதரை நேர்ல பார்த்தது கிடையாது. பார்க்காத ஒரு ஜனத்து மேல ஒரு சொல் மட்டும் எப்படி இப்படி ஒட்டிக்குச்சு? இன்னைக்கு அதைப் பார்ப்போம்.

நாலாவது பையன்

எபிரெய வேதத்துல யாக்கோபுக்கும் லேயாளுக்கும் பிறந்த நாலாவது மகன் பேரு யெஹூதா. நன்றி சொல்றது, புகழ்றதுங்கிற பொருள் இருக்கிற வினைச்சொல்லோட அந்தப் பேரை வேதமே சேர்த்துச் சொல்லுது. அந்தப் பேரு அவன் வம்சத்துக்குப் பேராச்சு. பிறகு அந்த வம்சம் இருந்த நாட்டுக்குப் பேராச்சு. அதுதான் எருசலேமைத் தலைநகரா வெச்சிருந்த யூதா நாடு.

வடக்குல இருந்த இஸ்ரவேல் நாட்டை கி.மு. 722 வாக்குல அசீரியா விழுங்குச்சு. கி.மு. 586 வாக்குல பாபிலோன் எருசலேமை இடிச்சு, நிறைய பேரை நாடுகடத்துச்சு. போன இடத்துல "நீங்க எந்த ஊரு?"ன்னு கேட்டா, "யெஹூதி", அதாவது யூதா நாட்டுக்காரன். முதல்ல இது ஊரைச் சொல்ற பேருதான், நம்ம ஆளுங்க சென்னையில "நான் திருநெல்வேலிக்காரன்"னு சொல்றாங்களே, அது மாதிரி.

அப்புறம் சொல் விரிஞ்சுது. எஸ்தர் புத்தகத்துல மொர்தெகாய்னு ஒருத்தர் வர்றார். அவர் யூதா கோத்திரமே இல்ல, பென்யமீன் கோத்திரம். இருக்கிறதோ பாரசீகத்துல. ஆனா புத்தகம் அவரை "யெஹூதி"ன்னுதான் சொல்லுது. ஊர்ப்பேரு ஒரு ஜனத்தோட பேரா மாறினது அங்க தெளிவாத் தெரியுது.

ரெண்டு வழி, ரெண்டு சொல்

யெஹூதா கிரேக்கத்துக்குப் போனப்போ நடுவுல இருந்த "ஹ" காணாம போச்சு. யூதாஸ், யூதாயோஸ்னு ஆச்சு. தமிழ்ல முதல் புதிய ஏற்பாடு 1715 வாக்குல தரங்கம்பாடியில அச்சாச்சு. "யூதர்"ங்கிற சொல்லைக் கரிசக்காடு வரைக்கும் கொண்டுவந்தது அதுக்கப்புறம் வந்த வேதாகமங்களும் சபைகளும்தான். அதனாலதான் நம்ம "யூதர்"ல "ஹ" இல்ல. காயல்பட்டினத்துலயோ கீழக்கரையிலயோ கேட்டுப் பாருங்க, "யஹூதி"ன்னு சொல்லுவாங்க. அது அரபி வழியா வந்தது, "ஹ" பத்திரமா இருக்கு. ஒரே சொல்தான், ஒண்ணு சர்ச் வழியா வந்துச்சு, இன்னொண்ணு பள்ளிவாசல் வழியா வந்துச்சு.

இப்ப யூதாஸுக்கு வருவோம். அந்தக் காலத்துல இது அவங்க மத்தியில ரொம்ப சாதாரணப் பேரு. இயேசுவோட பன்னிரண்டு சீஷர்கள்ல ரெண்டு பேருக்கு இந்தப் பேரு. கிரேக்கத்துல ரெண்டும் ஒரே சொல். நம்ம பழைய வேதாகமம் என்ன பண்ணுச்சு தெரியுமா? நல்லவரை "யூதா"ன்னும், காட்டிக்கொடுத்தவரை "யூதாஸ்காரியோத்து"ன்னும் எழுதுச்சு. குழப்பம் வரக்கூடாதுன்னு செஞ்சிருக்கலாம். ஆனா ஒரு ஜனத்தோட பேரும் ஒரு துரோகியோட பேரும் காதுல ஒண்ணா ஒலிக்கிறது அப்படியே நின்னுபோச்சு. இயேசுவும் யூதர், பேதுருவும் யூதர், மரியாளும் யூதர்ங்கிறதை நாங்க யோசிக்கவே இல்ல.

அவங்களை நாம முன்னாடி என்னன்னு சொன்னோம்?

யூதர்ங்கிற சொல் அச்சேறுறதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க நம்ம கடற்கரைக்கு வந்துட்டாங்க. 849-ல எழுதின கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டுல எபிரெய எழுத்துல சாட்சிக் கையெழுத்து இருக்கு. கி.பி. 1000 வாக்குல சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான்ங்கிறவருக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்துல இருக்கு. பல்லக்கு, குடை, பகல்விளக்குன்னு மொத்தம் 72 உரிமை. அதுல அவருக்குக் கிடைக்கிறது "அஞ்சுவண்ணம்". மேற்கே இருந்து கடல் வழியா வந்த வணிகர்களோட குழுவுக்கு அந்தப் பேரு. பாரசீகத்து "அஞ்சுமன்", அதாவது கூட்டம்ங்கிற சொல்தான் இப்படி ஆச்சுன்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க.

கொங்கணக் கரையில இருந்த பெனே இஸ்ராயேல் யூதர்கள் செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்தவங்க. சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திடுவாங்க. பக்கத்து ஊர்க்காரங்க வெச்ச பேரு "சனிவார் தேலி", சனிக்கிழமை எண்ணெய்க்காரர். பழகிப் பார்த்த ஜனங்க தொழிலையும் ஓய்வு நாளையும் வெச்சு அப்படிப் பேர் வெச்சாங்க. பார்க்காத எங்களுக்குத்தான் துரோகியோட ஞாபகம் வந்துச்சு.

கோட்டையும் பேரும்

போன மாசம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் போயிருந்தேன். இப்ப நிக்கிறது 1974-ல அரசு கட்டின நினைவுக் கோட்டை. 1799-ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801-ல ஊமைத்துரை திரும்ப எழுப்பின கோட்டையையும் பிடிச்சுத் தரைமட்டமாக்குனாங்க. ஊர்ப்பேரையே கணக்குல இருந்து எடுத்துட்டாங்கன்னு இன்னைக்கும் பெரியவங்க சொல்லுவாங்க.

அங்க நிக்கிறப்போ எனக்கு ரோமாபுரி ஞாபகம் வந்துச்சு. 132-ல இருந்து 135 வரைக்கும் யூதர்கள் கலகம் பண்ணாங்க. அதை அடக்கின பேரரசன் ஹேட்ரியன் காலத்துல "யூதேயா"ங்கிற மாகாணப் பேரை எடுத்துட்டு "சிரியா பலஸ்தீனா"ன்னு வெச்சாங்க. எருசலேமுக்கும் வேற பேரு. மண்ணுல இருந்து பேரை எடுத்தாங்க, ஆனா அந்த மண்ணோட பேரை மனுஷங்க சுமந்துக்கிட்டே போனாங்க. 1941-ல ஜெர்மனியில அதே பேரை மஞ்சள் நட்சத்திரத்துல எழுதி, சட்டையில தைக்கச் சொன்னாங்க. நன்றியில பிறந்த சொல்லை அடையாளம் காட்டிக் கொல்றதுக்குப் பயன்படுத்துனாங்க.

இப்ப வாட்ஸ்அப்புல சண்டை போடுறப்போ "யூதன்"னும் "இஸ்ரேல்"னும் ஒண்ணாப் போட்டு அடிக்கிறோம். இஸ்ரேல் ஒரு அரசு. அது செய்றதை எவ்வளவு கடுமையா வேணும்னாலும் விமர்சிக்கலாம். ஆனா உலகத்துல இருக்கிற யூதர்கள்ல ஏறக்குறைய பாதிப்பேர் அந்த நாட்டுக்கு வெளியில இருக்காங்க. அந்த நாட்டுக் குடிமக்கள்ல அஞ்சுல ஒருத்தர் அரபியர். ரெண்டு சொல்லும் ஒண்ணு இல்ல.

பள்ளிக்கூடத்துல நான் யூதாஸ்னு கூப்பிட்ட பையனை அப்புறம் ஒரு கல்யாணத்துல பார்த்தேன். ஸாரி கேட்டேன். "விடுல, பழைய கதை"ன்னான். ஆனா எந்தப் பேருன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.