பிளந்த கன்றும் பிழைத்த வாக்கும்

தனியொருவன் கூறிய சொல்லுக்கு அவனே பொறுப்பாளி. ஒரு சமுதாயம் ஒருங்குகூடிக் கொடுத்த வாக்குக்குப் பொறுப்பாளர் யாவர்? யூதரின் மறைநூல்கள் இவ்வினாவைப் பலவிடங்களில் எழுப்புகின்றன. எபிரேய மொழியில் உடன்படிக்கையைக் குறிக்கும் சொல் 'பெரித்' என்பதாம். உடன்படிக்கை செய்தலை அம்மொழியார் உடன்படிக்கையை 'வெட்டுதல்' என வழங்கினர். இவ்வழக்கின் பொருள் எரேமியாவின் நூலில் 34ஆம் அதிகாரத்தைக் கற்பார்க்கு இனிது விளங்கும்.

கி. மு. 597இல் பாபிலோனிய வேந்தன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றித் தான் தெரிந்தெடுத்த ஒருவனை அரியணையேற்றினான். 1956ஆம் ஆண்டில் வைஸ்மன் என்னும் அறிஞர் வெளியிட்ட களிமண் ஏடொன்று இதனைக் கூறுகின்றது. அவ்வாறு அரசனானவனே சிதேக்கியா. இறைவன்மீது ஆணையிட்டு அடிபணிந்த அவன், பின்னர் எகிப்தின் துணையை நம்பிக் கிளர்ந்தெழுந்தான். கி. மு. 588 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை மீண்டும் முற்றுகையிட்டது. அரண்சூழ்ந்த நகர்களுள் எருசலேமையன்றி இலாகீசும் அசெக்காவுமே அப்பொழுது எஞ்சியிருந்தன என்பர் எரேமியா. இலாகீசின் இடிபாடுகளில் 1935இல் ஸ்டார்க்கி என்பாரின் குழுவினர் கண்டெடுத்த எழுத்தோடுகளுள் ஒன்று, இலாகீசின் சைகைகளை நோக்கியிருப்பதையும் அசெக்கா புலப்படாமையையும் குறிப்பிடுகின்றது. மறைநூற் செய்திக்கு இஃது அரியதொரு துணைச்சான்றாகும்.

இவ்விடுக்கண் வேளையில் அரசனும் மக்களும் ஓர் உடன்படிக்கை செய்தனர். எபிரேய அடிமை ஆறாண்டு ஊழியஞ்செய்தபின் ஏழாம் ஆண்டில் விடுதலை பெறவேண்டும் என்பது அவர்தம் பழஞ்சட்டம். முன்னோர் அதனைப் பேணவில்லை. இப்பொழுதோ, தம்மினத்து அடிமைகள் அனைவரையும் விடுவிப்பதாக ஆலயத்திலே உறுதி பூண்டனர். கன்றொன்றை இரு கூறாக வெட்டி, அக்கூறுகளினிடையே பிரபுக்களும் குருக்களும் பொதுமக்களும் நடந்து சென்றனர். வாக்குப் பிழைத்தால் இக்கன்றுக்கு நேர்ந்தது எமக்கும் நேர்க என்பதே இச்சடங்கின் கருத்து. கி. மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செபிரே அரமேயக் கல்வெட்டும், உடன்படிக்கையை மீறும் மன்னன் கன்றுபோல வெட்டுண்பான் என எச்சரிக்கின்றது.

அடிமைகள் விடுதலை பெற்றனர். அவ்வேளை எகிப்தியப் படை புறப்பட்டு வந்தது. பாபிலோனியர் முற்றுகையை நீக்கி அகன்றனர். ஆபத்து ஒழிந்தது எனக் கருதிய மாந்தர், விடுவித்தோரை மீளவும் பிடித்து அடிமைகளாக்கினர்! முற்றுகையின்போது வயல்கள் எட்டாதொழிந்தன. வேலையற்ற அடிமைகட்கு உணவளித்தல் சுமையாயிற்று. மதில்காக்க ஆட்களும் வேண்டப்பட்டனர். விடுதலைக்கு இவையே காரணங்களாகலாம் என ஆராய்ச்சியாளர் ஊகிப்பர். காரணம் எதுவாயினும், அச்சத்தாற் பிறந்த அறம் அச்சம் நீங்கியதும் மறைந்தது என்பது தெளிவு.

எரேமியாவின் தீர்ப்புக் கடுமையானது. அடிமைகளுக்கு விடுதலை மறுத்தோர் வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் 'விடுதலை' செய்யப்படுவர் என்றார் அவர். ஏழையர்க்கு இழைத்த வஞ்சனையை இறைவனின் திருப்பெயருக்கு நேர்ந்த மாசாகவே அவர் கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது. பலர் சேர்ந்து பிழைத்தமையாற் பிழை சிறிதாகவில்லை. கூறுகளினிடையே நடந்த ஒவ்வொரு வகுப்பாரையும் அவர் தனித்தனியே சுட்டினார். பாபிலோனியர் திரும்பினர். கி. மு. 587இல், அல்லது சிலர் கணக்கின்படி 586இல், நகர் வீழ்ந்தது, ஆலயமும் எரியுண்டது.

தம்மினத்தார்க்கு அளித்த வாக்கே காக்கத்தக்கது என அந்நூல்கள் கொள்ளவில்லை. கிபியோனியர் தூரதேயத்தார்போல வேடம்பூண்டு யோசுவாவிடம் உடன்படிக்கை பெற்றனர். வஞ்சனை வெளிப்பட்ட பின்னரும், ஆணையிட்டமையாற் கொல்லலாகாது எனத் தலைவர்கள் மக்களைத் தடுத்தனர். பின்னாளில் சவுல் அவ்வாணையை மீறினான். தாவீதின் காலத்தில் மூன்றாண்டுப் பஞ்சம் அதன் பொருட்டு வந்ததாகக் கூறப்படுகின்றது. சவுலின் மரபினர் எழுவர் பழியீடாகக் கொலையுண்டனர். அவருள் இருவரின் தாயாகிய ரிஸ்பாள், பறவையும் விலங்கும் அணுகாவண்ணம் சடலங்களைக் காத்திருந்தாள். ஒருவன் பிழைத்த வாக்குக்குப் பிறர் உயிரீதல் நீதியோ என்னும் வினாவை அவள் துயரம் எழுப்பாமல் விடாது. தந்தையின் குற்றத்தை மகன் சுமவான் என்னும் எசேக்கியேலின் போதனை, இவ்வினாவுக்கு விடைபோல அமைந்துள்ளது. பகைவேந்தனுக்கு அளித்த ஆணையை மீறிய சிதேக்கியாவைக் கண்டித்தவரும் அவ்வெசேக்கியேலே.

கி. மு. 5ஆம் நூற்றாண்டில் நெகேமியா எருசலேமில் ஆளுநராயிருந்தபொழுது, கடனால் நிலமிழந்து மக்களையும் அடிமைப்படுத்திய ஏழையர் முறையிட்டனர். அவர் செல்வரை மன்றிற்கூட்டி, நிலங்களை மீளக்கொடுக்கக் குருக்கள் முன்னிலையில் ஆணையிடுவித்தார். பின்னர் சமுதாயம் தன் உறுதிமொழியை எழுத்தில் வரைந்து, தலைவர்தம் பெயரால் முத்திரையிட்டது. ஏழாம் ஆண்டிற் கடன்களை விடுதலும் அதில் அடங்கும். ஆயினும் அந்நூலின் இறுதி அதிகாரம், அவ்வுறுதிகள் சில மீண்டும் பிழைக்கப்பட்டதை மறையாது உரைக்கின்றது.

தம் முன்னோரின் வாக்குப்பிழையைத் தம் மறைநூலிலேயே பொறித்துக் காத்தமை அம்மக்களின் தனிச்சிறப்பு எனலாம். சடங்கும் முத்திரையும் வாக்கைத் தொடக்கி வைப்பனவேயன்றிக் காப்பன அல்ல. எதிரி வாயிலில் நின்றபொழுது கூறிய சொல்லை, அவன் அகன்றபின் எளியோரிடத்துக் காப்பதே வாய்மையின் உரைகல்லாகும்.