பஞ்சுத் திரி (மின்சிகரெட்)

மின்சிகரெட்டில் சூடேறும் கம்பிச் சுருளின் நடுவே செருகப்படும் பஞ்சுத் துண்டு, நிகோட்டின் திரவத்தை உறிஞ்சிச் சுருளுக்கு ஓயாமல் ஊட்டுகிறது. கடையில் கிடைக்கும் ஆயத்தச் சுருளில் இதை ஆலையிலேயே அடைத்துவிடுகிறார்கள். பயன்படுத்துபவரே கம்பி சுற்றித் திரி போட்டுக்கொள்ளும்படி அமைந்த ஆட்டமைசர்களில் (திரவத்தை ஆவியாக்கும் பகுதிகளில்) அது கைவேலை. கம்பி சுற்றுவது விரைவில் பழகிவிடும்; பஞ்சின் அளவு கைவரத்தான் நாளாகும்.

செடியிலிருந்து பறித்த பஞ்சு தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. இழையின் மேல், எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கும் குறைவாகப் படிந்திருக்கும் மெழுகே அதற்குத் தடை. காரக் கரைசலில் வேகவைத்து மெழுகை நீக்கினால் எஞ்சுவது கிட்டத்தட்ட முழுவதும் செல்லுலோஸ். அது ஈரம் பட்டவுடன் குடிக்கும். இப்படிப் பதப்படுத்திய பஞ்சை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகர அறுவை மருத்துவர் விக்டர் ஃபான் புருன்ஸ். ஹைடன்ஹைமில் துணி வெளுக்கும் ஆலை நடத்திய பால் ஹார்ட்மன் 1873இல் அதை ஆலைச் சரக்காக்கினார். 1880இல் பர்மிங்காம் மருத்துவர் சாம்சன் காம்ஜி அதே வகைப் பஞ்சை இரண்டு வலைத்துணிகளுக்கு நடுவே வைத்து, இன்றும் அவர் பெயரால் வழங்கும் காயக்கட்டை உருவாக்கினார். சீழையும் இரத்தத்தையும் உறிஞ்சப் பிறந்த சரக்கு இது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அது புகைக்கருவிக்குள் நுழையும் என்று அந்த மூவரில் எவரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

புகையிலை எரிக்காத சிகரெட்டுக்கு அமெரிக்கர் ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை பெற்றார். பொருள் சந்தைக்கு வரவில்லை. இன்றைய மின்சிகரெட்டின் வழி சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் செய்த கருவியிலிருந்து தொடங்குகிறது. ஆரம்பக் கருவிகளில் பஞ்சுக்கு இடமே இல்லை. கார்ட்ரிட்ஜுக்குள் பாலியெஸ்டர் இழை அடைத்தார்கள். பிறகு சிலிக்கா கயிறு வந்தது: ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆனால் திரவத்தை மெதுவாகவே இழுக்கும், நுண்ணிய இழைத்துகள் நெஞ்சுக்குள் போகுமோ என்ற அச்சமும் இருந்தது. ஜெனிசிஸ் வகை ஆட்டமைசர்களில் துருப்பிடிக்காத எஃகு வலையைச் சுருட்டித் திரியாக்கினார்கள். வலையைத் தீயில் காட்டி மின்காப்புப் படலம் ஏற்றாவிட்டால் கம்பியும் வலையும் ஷார்ட் ஆகும். 2010களின் முற்பாதியில் பஞ்சு பரவியதும் இவையெல்லாம் ஒதுங்கின. ஜப்பானில் முகம் துடைக்க விற்ற வெளுக்காத பஞ்சுப் பட்டைகளை, முக்கியமாக முஜி நிறுவனத்துடையவற்றை, ஆர்வலர்கள் தேடி வாங்கினார்கள். சுவையிலும் விலையிலும் பஞ்சை வெல்ல எதுவும் வரவில்லை என்பதே பெரும்பாலோர் தீர்ப்பு.

சுருளுக்கு வழக்கமான கம்பி காந்தால். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த இதை 1930களின் தொடக்கத்தில் சுவீடனின் ஹால்ஸ்டாஹம்மரில் ஹான்ஸ் ஃபான் காண்ட்சோ சந்தைக்குக் கொண்டுவந்தார். பஞ்சு நுழையுமுன் வெறும் சுருளை விட்டுவிட்டுச் சூடேற்றி, நடுவிலிருந்து இருபுறமும் சீராகச் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்காவது தனியாகக் கனன்றால் பீங்கான் இடுக்கியால் நெருக்கிச் சரிசெய்வார்கள். மின்தடையையும் அளந்தாக வேண்டும்: 4.2 வோல்ட் பாட்டரியில் 0.5 ஓம் சுருள் 8.4 ஆம்பியர் இழுக்கும், பாட்டரி அதைத் தாங்க வேண்டும்.

பஞ்சுப் பட்டையின் அழுந்திய மேல்தோலை உரித்து, இழையோட்டத்தின் திசையிலேயே கீற்றாக வெட்டி, நுனியை முறுக்கி, பெரும்பாலும் 3 மி.மீ. உள்விட்டமுள்ள சுருளுக்குள் இழுக்கிறார்கள். பஞ்சு லேசான பிடிப்போடு நகர வேண்டும். சுருள் கூடவே வளைந்து வந்தால் பஞ்சு மிகுதி. வெளியே நீளும் வால்களைக் கத்தரித்து, ஊசியால் சீவி மெலிதாக்கி, திரவம் வரும் பள்ளத்தில் படியவைப்பார்கள். திரவத்தை நேரே பஞ்சில் விடும் சொட்டு வகை ஆட்டமைசர் சிறு பிழைகளைப் பொறுக்கும். தொட்டி வகை பொறுக்காது. வாலில் பஞ்சு குறைந்தால் திரவம் காற்றுத்துளை வழியே ஒழுகும். இறுக அடைத்தால் திரவம் ஏறாது, சுருள் வறண்டு தொண்டையைக் காந்தலாகத் தாக்கும். கற்றுக்கொள்பவர்கள் ஒழுக்குக்குப் பயந்து அதிகம் அடைத்துவிடுவதே வழக்கம்.

காந்தலுக்குக் காரணம் வேதியியல். திரவத்தின் புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கின்றன; ஈரம் இருக்கும்வரை பஞ்சு பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நிற்கிறது. வறண்டால் செல்லுலோஸ் கருகும், அதிகம் சூடேறிய கிளிசரினிலிருந்து அக்ரோலின் என்ற எரிச்சலூட்டும் நச்சு பிறக்கும். அதனால் புதுத் திரியை முழுக்க நனைத்த பிறகே பட்டனைத் தொட வேண்டும். சுக்ரலோஸ் சேர்த்த இனிப்புத் திரவங்கள் சுருளில் கரியாகப் படியும். பஞ்சை எடுத்துவிட்டு வெறும் சுருளைச் சூடேற்றி, ஆறியபின் தூரிகையால் தேய்த்துப் புதுப் பஞ்சு போடுவார்கள்.

ஆலையில் கட்டி வரும் பாட் கருவிகள் பெருகியபின் இந்தக் கைவேலை சிறு வட்டத்துக்குள் சுருங்கிவிட்டது. சட்டக் கட்டுப்பாடுகளும் உண்டு: ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி தொட்டியின் கொள்ளளவு 2 மி.லி.யைத் தாண்டக்கூடாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதும் குற்றம்.