அரத்தை அகற்றிய அளவுமானி

துப்பாக்கி பூட்ட என்னென்ன சாமான் வேணும்? 18ஆம் நூற்றாண்டுக் கம்மியரிடம் கேட்டிருந்தால் முதலில் அரத்தைத்தான் காட்டியிருப்பார். விசைப்பொறியின் சுத்தியல், வில், ஆணி எல்லாமே ஒவ்வொன்றாய் ராவிப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குச் சேராது. போர்க்களத்தில் வில் முறிந்தால் கம்மியர் வரும்வரை அந்தத் துப்பாக்கி வெறும் தடிதான்.

பிரான்சில் ஒனொரே பிளாங் என்பவர் இதை மாற்ற முனைந்தார். 1785இல் அவருடைய பட்டறைக்குப் போன அமெரிக்கத் தூதர் தொமஸ் ஜெபர்சன், கழற்றி வைத்திருந்த 50 விசைப்பொறிகளின் உறுப்புகளில் கைக்கு வந்ததை எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

அமெரிக்காவில் இந்தப் புகழ் எலி விட்னிக்கே போனது. 1798இல் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் எடுத்தவர், 1801இல் தலைவர்கள் முன்னிலையில் உறுப்புகளை மாற்றிப் பூட்டிக் காட்டினார். ஆனால் எஞ்சியுள்ள அவருடைய துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் கழற்றிப் பார்த்தபோது உறுப்புகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை.

காரியத்தைச் சாதித்தவர் ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதசாலையின் ஜோன் ஹோல். 1820களில் ஒவ்வோர் உறுப்பையும் இயந்திரத்தில் வெட்டி, அளவுமானி வைத்துச் சோதித்தார். பூட்டுபவருக்கு அரம் தேவைப்படவில்லை.

பாடநூல்களோ விட்னியையே நெடுங்காலம் போற்றின. காட்சி காட்டியவரின் பெயர் நின்றது; அளந்து செய்தவரின் பெயர் மங்கியது. வரலாறு படிப்பிக்கிற நாம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தானே வேணும்.